ஏழு சுற்று வெள்ளை டேப்

தீக்குச்சி இரண்டு முறை அணைந்துவிட்டது.

கறம்பக்குடிக்குச் சற்றுத் தள்ளி, ராசாத்தி அக்கா வீட்டுக் குலசாமியான அய்யனார் கோயில். காலை பத்து மணி இருக்கும். நல்ல காற்று. பித்தளைத் தட்டில் ஒரு வெற்றிலை, அதன்மேல் ஒரு கட்டி சூடம். அக்கா முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு மூன்றாவது குச்சியை எடுக்கிறார்.

எதிரில் அவருடைய லாரி டிரைவர் சவரிமுத்து அண்ணன். செருப்பை வேலியோரம் விட்டுவிட்டு வந்து, எரியப்போகிற சூடத்தின்மேல் அடிக்க வேண்டிய வலது கையை வேட்டியில் துடைக்கிறார். துடைத்த கையைப் பார்க்கிறார். மறுபடியும் துடைக்கிறார்.

மூன்றாவது ஆள் நான். சாட்சிக்கு வந்தவன். என் சட்டைப் பையில் கட்டை விரல் அளவு பித்தளைத் துண்டு ஒன்று இருந்தது. அதோடு, உரித்துச் சுருட்டிய வெள்ளை டேப் கொஞ்சம்.

சத்தியம் இதற்குத்தான். லாரி என்ஜின் வெந்துபோன அன்று மீட்டரில் முள் பாதியைத் தாண்டவே இல்லை என்று அண்ணன் சொல்கிறார். முள் ஏறியிருக்கும், இவர்தான் பார்க்காமல் ஓட்டியிருப்பார் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்லக் காரணம் நான்.

அந்தத் தட்டை அங்கேயே வைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். சூடம் இன்னும் ஏற்றவில்லை.

முள்ளுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று

போன வாரம் இந்தப் பக்கத்தில் டைனமோவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு விராலிமலையிலிருந்து ஓர் அம்மா கடிதம் போட்டிருந்தார். "எல்லாம் புரிஞ்சிச்சு தம்பி, அந்த டைனமோ மட்டும்தான் புரியல" என்று எழுதியிருந்தார். இதைவிடப் பதமாக யாரும் என்னைத் திட்டியதில்லை. அதனால் இந்த வாரம் அந்த அம்மாவுக்காகவே நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் பெட்டி வராத காலத்து டீசல் லாரிகளில், என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று டிரைவருக்குச் சொல்ல இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று முள்ளுக்கு. சூடு ஏற ஏற மீட்டரில் முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். இன்னொன்று சிவப்பு விளக்குக்கு. அது அதுபாட்டுக்குப் பேசாமல் இருந்துவிட்டு, கொதிநிலை நெருங்கும்போது விளக்கை எரியவைக்கும். அவ்வளவுதான்.

வம்பு என்னவென்றால், பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி. ஒரே பித்தளை, ஒரே திருகு மரை, தலையில் ஒரே ஒரு ஒயர். பொறித்திருந்த எழுத்தெல்லாம் எண்ணெய்யிலும் புழுதியிலும் தேய்ந்து போயிருக்கும். முள்ளுக்கான இடத்தில் விளக்குக்கானதை மாட்டிவிட்டால், முள் நாளெல்லாம் படுத்துக் கிடக்கும். கொதிநிலை வந்ததும் ஒரே நிமிஷத்தில் எகிறி உச்சியில் போய் முட்டும். இப்படி மாற்றி மாட்டிய வண்டிகள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன.

எது எதுவென்று கண்டுபிடிக்க என்னிடம் இருந்தது ஒரே வழி, வெந்நீர். திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் திரும்புகிற இடத்துக்கு எதிரே என் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. ஒட்டினாற்போல் பாக்கியம் அக்காவின் டீக்கடை. பாய்லரிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி, சென்சாரின் நுனியை அதில் முக்கி, மல்டிமீட்டரைத் தொட்டுப் பார்ப்பேன். நம்பர் மெல்ல மெல்ல இறங்கினால் முள்ளுக்கானது. அசையாமல் இருந்தால் விளக்குக்கானது.

முதல் தடவை நான் கேட்டபோது பாக்கியம் அக்கா கொடுத்த டம்ளர் நசுங்கிய டம்ளர். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அதற்கு லாரி டம்ளர் என்று பெயர்.

"ஏந்தம்பி, ஒங்க லாரிக்கெல்லாம் காய்ச்ச வந்தா ஏங்கடையிலதான் நெத்தியத் தொட்டுப் பாக்கணுமா?" என்பார். சிரிக்கமாட்டார். வெந்நீரை மட்டும் ஊற்றிவிடுவார்.

மோட்டார்க்காரக் கை

நான் இந்தத் தொழிலை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. அதற்கு முன்னால் கறம்பக்குடி, ஆலங்குடிப் பக்கமெல்லாம் போர்வெல்லுக்குள் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தேன். குழாய்மேல் குழாயாகப் பூட்டிப் பூட்டிப் பாதாளத்துக்கு அனுப்புகிற வேலை. ஒரு மரையில் கசிந்தாலும் மொத்தத்தையும் வெளியே இழுக்க வேண்டும். அப்போது தோட்டக்காரர் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிவிடலாம்.

அதனால் எந்த மரையைக் கண்டாலும் என் கை கசிவை அடைக்கிற வெள்ளை டேப்பைத் தேடும். மற்றவர்கள் மூன்று சுற்று சுற்றுவார்கள். நான் ஏழு. "நீங்க சுத்துற டேப்புல ஒரு வேட்டியே நெஞ்சிரலாம்" என்று ஒரு மிளகாய்த் தோட்டக்காரர் சொன்னார். அவர் கேலிதான் செய்தார். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

வண்டி வேலைக்கு மாறியபோது ஸ்பானரை மாற்றினேன், கடையை மாற்றினேன். கை மட்டும் பழைய கையாகவே வந்துவிட்டது.

ராசாத்தி அக்காவுக்கு ஒரே ஒரு லாரி. வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். லோடு பேசுவதிலிருந்து டயர் பார்ப்பதுவரை எல்லாம் அக்காதான். தைல மரம் ஏற்றுகிற வண்டி. மீட்டர் செத்துப்போய் என்னிடம் வந்தது. பழைய சென்சார்கள் இரண்டையும் கழற்றி, எது எதுவென்று பார்த்துப் புதிது வாங்கி, இடம் மாறாமல் மாட்டினேன். இரண்டு மரையிலும் ஏழு ஏழு சுற்று. ஒரு சொட்டு கசியவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

சவரிமுத்து அண்ணன் ஆவூர்க்காரர். முள்ளைப் பார்ப்பதில் அவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை. "ஒரு கண்ணு ரோட்டுக்கு, ஒரு கண்ணு முள்ளுக்கு. மூணாவது கண்ணு இருந்தா வீட்டையும் பாத்துக்குவேன்" என்பார். மாட்டிய ஒரு வாரத்தில் கடைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னமோ மாயம் பண்ணிட்டீங்க தம்பி. இப்பெல்லாம் முழு லோடுலயும் முள்ளு பாதியத் தாண்ட மாட்டேங்குது."

நான் அவருக்கு டீ சொன்னேன். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். சென்சார் மாற்றினால் மீட்டர் சரியாகும். என்ஜின் எப்படிக் குளிரும்? ஆனால் ஒருவர் கையைப் பிடித்துப் பாராட்டும்போது யாருக்குக் கணக்கு ஓடும்?

விலக்கு ரோட்டில்

சில மாதம் கழித்து, நல்ல வெயில் நாளில், தைல மரம் ஏற்றிக்கொண்டு அன்னவாசல் வழியாகப் போன வண்டி சித்தன்னவாசல் விலக்குக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை. வெள்ளைப் புகையாக ஆவி கக்கிக்கொண்டு நின்றது. குகை ஓவியம் பார்க்க வந்த வேனிலிருந்து பிள்ளைகள் இறங்கி ஓவியத்தை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்களாம். ஓர் ஆசிரியை தண்ணீர் பாட்டில் கொடுத்தாராம், என்ஜினுக்கா டிரைவருக்கா என்று சொல்லாமல்.

ஏதோ வேகிற வாசனை வந்திருக்காதா என்று எல்லோரும் கேட்டார்கள். தைல மர லோடு ஏற்றிய வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்; அந்த வாசனையில் வேறு எதுவும் மூக்கில் ஏறாது.

வண்டியைப் புதுக்கோட்டைக்கு இழுத்து வந்து, என்ஜினுக்கு மூடி மாதிரி இருக்கிற ஹெட்டைக் கழற்றினார்கள். கேஸ்கட் கருகியிருந்தது. ஹெட் வளைந்திருந்தது. ரேடியேட்டர் சந்தெல்லாம் தைல இலைத் தூளும் புழுதியும் அப்பி, காற்றே போக வழியில்லை. திடீரென்று வந்த சூடு இல்லை அது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. அப்படியானால் முள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டுமல்லவா?

ராசாத்தி அக்கா எனக்குப் போன் போட்டார். பட்டறையில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"மீட்டர் சரியாத்தான வேலை செஞ்சிச்சு தம்பி?"

"நான் மாட்டுனது பொய் சொல்லாதுக்கா. முள்ளு ஏறியிருக்கும். அண்ணன் கண்ணு அசந்திருப்பாரு."

அன்று பேசிய அந்த இரண்டு வார்த்தை, 'கண்ணு அசந்திருப்பாரு'. அது பட்டறையிலிருந்து கறம்பக்குடி போய்ச் சேர்வதற்குள் 'தூங்கிட்டாரு' ஆகிவிட்டது. கறம்பக்குடியிலிருந்து ஆவூருக்குப் போனபோது 'தண்ணி போட்டிருந்தாரு' ஆகிவிட்டது.

சவரிமுத்து அண்ணன் ஒரு காலத்தில் குடித்தவர். ஆவூர் மாதா கோயிலில் மனைவி முன்னால் மண்டியிட்டுக் குடியை விட்டவர். அதற்குப் பிறகு தொட்டதில்லை. இப்போது அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். இவர் இல்லை என்றாராம். அதன் பிறகு பேச்சே இல்லை. வேளைக்குத் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாராம். இதை அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. பாக்கியம் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். என் கடை வாசல்வரை வந்து, டீ குடித்துவிட்டு, எனக்கு முகம் காட்டாமல் போயிருக்கிறார்.

ராசாத்தி அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. "முள்ளைப் பாக்கலன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டாப் போதும்ணே, நான் குவைத்துல அவருகிட்டப் பேசி ஒங்களையே வண்டியில வச்சுக்கிறேன்" என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். அண்ணன் மறுத்துவிட்டார். வேலை போனால் போகட்டும், பேரோடு இறங்கிக்கொள்கிறேன், உங்கள் சாமி முன்னாலேயே சூடம் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆவூருக்கே போய் மெழுகுவத்தி ஏற்றிச் சொல்லுங்களேன் என்று அக்கா சொன்னதற்கு, "எந்த எடத்துல சொன்னா நீங்க நம்புவீங்களோ அங்க சொல்றேம்மா" என்றாராம்.

சாட்சிக்கு என்னை வரச் சொன்னார்கள்.

லாரி டம்ளர்

சத்தியத்துக்கு முந்தின நாள் பட்டறைக்குப் போனேன். போனது அண்ணனுக்காக இல்லை. என் சென்சார் நல்ல சென்சார் என்று கையில் எடுத்துக் காட்டத்தான் போனேன்.

கழற்றிய ஹெட் ஒரு பலகைமேல் கிடந்தது. அதிலிருந்து முள் சென்சாரைத் திருகி எடுத்தேன். வெந்நீரை பாக்கியம் அக்கா கடையிலேயே பிளாஸ்கில் வாங்கிக்கொண்டு, லாரி டம்ளரையும் எடுத்துப் போயிருந்தேன். மல்டிமீட்டரில் பார்த்தேன், நம்பர் அழகாக இறங்கியது. அது போதாதென்று வண்டியின் ஒயரையே சென்சாரில் மாட்டி, சாவியைப் போட்டு, நுனியை வெந்நீரில் முக்கினேன். மீட்டரில் முள் எழும்புவதைப் பட்டறைக்காரர் பார்க்கட்டும் என்று.

முள் எழும்பவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. எர்த் கொடுக்க மறந்துவிட்டேன். தலையில் ஒரு ஒயர்தான் வருகிறது. இன்னொரு வழி சென்சாரின் உடம்பு வழியாக வண்டியைத் தொட்டாக வேண்டும். அப்போதுதான் கரண்ட் சுற்றி வரும். ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையைச் சென்சாரின் பித்தளையிலும் மறுமுனையை வண்டியின் சேசிஸ் இரும்பிலும் வைத்தேன். முள் மெல்ல ஏறியது.

ஒயரை எடுத்தேன். முள் படுத்தது. வைத்தேன். ஏறியது.

இதை நூறு தடவை செய்திருப்பேன். அன்றைக்குத்தான் என் மண்டையில் ஒரு கேள்வி வந்தது. என்ஜினில் இருக்கும்போது இந்த ஒயர்த் துண்டு கிடையாதே, அப்போது எர்த் எதன் வழியாகப் போகிறது? மரை வழியாக. பித்தளை மரை, இரும்பு மரையைத் தொட்டுக்கொண்டிருப்பதால்.

கையிலிருந்த சென்சாரைப் பார்த்தேன். மரை தெரியவில்லை. வெள்ளை டேப்தான் தெரிந்தது. ஏழு சுற்று.

அப்படியே மறுபடி ஹெட்டில் திருகி, மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்தேன். நம்பர் ஒரு நிலையில் நிற்காமல் தத்தளித்தது. எங்கேயோ ஓர் ஓரத்தில் மட்டும் பித்தளை இரும்பை உரசிக்கொண்டிருந்தது. அரைகுறை எர்த், அதனால் அரைகுறை முள். பாதியைத் தாண்டாத முள். சிவப்பு விளக்கின் சென்சாரில் அந்த உரசலும் இல்லை. முள் சென்சாரின் டேப்பை உரித்துவிட்டுத் திருகினேன். எர்த் முழுதாகக் கிடைத்துவிட்டது என்று மல்டிமீட்டர் கீச்சென்று கூவியது.

பட்டறைக்காரர் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். இங்கிட்டுத் திரும்பவில்லை. நான் சென்சாரைக் கழற்றிப் பையில் போட்டேன். டேப்பையும் சுருட்டிப் பையில் போட்டேன். பிளாஸ்கை மூடினேன். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஏன் சொல்லவில்லை? தொழில் போய்விடுமோ என்று பயம். அதே கையால் எத்தனை வண்டிக்கு டேப் சுற்றியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவும் பயம். பின்னால் அந்த வண்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு உரித்தேன். சில டிரைவர்கள் கெட்ட வார்த்தையோடு, சிலர் டீயோடு. அது வேறு கதை. அன்றைக்கு நான் கோழையாகத்தான் படுத்தேன்.

மூன்றாவது குச்சி

கோயிலுக்கு வந்துவிடுவோம்.

ராசாத்தி அக்கா மூன்றாவது குச்சியை உரசினார். பற்றிக்கொண்டது. சூடத்துக்குக் கொண்டுபோகிற நேரத்தில் நான் குனிந்து குச்சியை ஊதி அணைத்தேன். சாமி முன்னால் வாயால் ஊதக் கூடாது. தெரியும். வேறு எதுவும் தோன்றவில்லை.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பையிலிருந்ததை எடுத்துத் தட்டில் வைத்தேன், வெற்றிலைக்குப் பக்கத்தில். பித்தளை ஒன்று, சுருட்டிய டேப் ஒன்று. சொன்னேன். விராலிமலை அம்மாவுக்குச் சொல்வது மாதிரி மெதுவாகச் சொல்ல நினைத்தேன். எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. முள் ஏறவில்லை, ஏற விடாமல் செய்தது நான், விளக்கு எரியாததும் என்னால்தான் என்பதை மட்டும் எப்படியோ சொல்லி முடித்தேன்.

அக்கா அணைந்த குச்சியைக் கீழே போட்டார்.

"எப்ப தெரியும் ஒங்களுக்கு?"

"நேத்துக்கா."

"நேத்தே சொல்லியிருந்தா இந்த மனுசன் நேத்தே தூங்கியிருப்பாருல்ல தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். இனிமேல் இந்த வண்டிக்கு உங்கள் கைவேலைக்குக் கூலி கிடையாது என்று பிறகு சொன்னதும் அவர்தான். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

சவரிமுத்து அண்ணன் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் டேப்பை எடுத்துப் பிரித்தார், ஏதோ சீட்டைப் பிரிப்பது மாதிரி. அது முழ நீளத்துக்கு மேல் போனது.

"அப்ப நான் பாத்தது சரிதான தம்பி? முள்ளு பாதியிலதான நின்னுச்சு?"

"பாதியிலதான்ணே நின்னுச்சு."

"எனக்கே சந்தேகம் வந்துருச்சு," என்றார். "எல்லாருமாச் சேந்து சொல்லச் சொல்ல, ஒருவேள கண்ணு அசந்துட்டமோன்னு. ராத்திரியெல்லாம் அந்த முள்ளத்தான் நெனச்சுப் பாக்குறேன். கலங்கலாத் தெரியுது. சூடத்துல கை வைக்கிறப்ப எதச் சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல."

அந்தக் கையை அவர் எதற்காக வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர் தன் போனை எடுத்து, ஒரு நம்பரை அழுத்தி, என்னிடம் நீட்டினார்.

"இப்ப சொன்னத இங்க ஒரு தடவ சொல்லுங்க."

எடுத்தது அவர் மனைவி. நான் யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னால் தெரியாது என்பதால், "கண்ணு அசந்திருப்பாருன்னு சொன்னது நான்தாம்மா" என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். டேப், எர்த் எல்லாம் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "அண்ணன் மேல தப்பே இல்லம்மா, அவரு முழிச்சுக்கிட்டுத்தான் ஓட்டுனாரு" என்று கடைசியில் சொன்னது புரிந்திருக்கும். அந்தப் பக்கம் ஒரு கோழி கத்துவது கேட்டது.

"அவருகிட்டக் குடுங்க," என்றார்.

அண்ணன் போனை வாங்கிக்கொண்டு அங்கிட்டு வேலிப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை தலையை ஆட்டினார். போனில் தலையை ஆட்டினால் யாருக்குத் தெரியும்?

ராசாத்தி அக்கா தட்டிலிருந்த சென்சாரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, நான்காவது குச்சியை உரசினார். காற்று நின்றிருந்தது. சூடம் பற்றிக்கொண்டது. யாரும் அடிக்கவில்லை. சும்மா கும்பிட்டோம்.

அண்ணன் திரும்பி வந்தார். எரிகிற சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டே, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் சொன்னார்.

"போற வழியில மீனு வாங்கிட்டு வரணுமாம்."